லிஃப்ட் செய்த பிக்கப்புக்கு உதவி ஏர் ஸ்பிரிங்: எடை பார்ப்பது முதல் காற்று அடிப்பது வரை

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் பலரிடம் இதே கதைதான் நடக்கிறது. முதலில் வண்டியை நாலு அங்குலம் தூக்கி 35 அங்குல டயர் போடுகிறார்கள். அடுத்த கோடையில் கேம்பிங் டிரெய்லர் வாங்குகிறார்கள். அதைக் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்து, முகப்பு விளக்கு மரக்கிளையைப் பார்க்கிறது. உடனே வண்டியின் மாடலையும் ஆண்டையும் இணையத்தில் தட்டி, முதலில் வரும் ஏர் ஸ்பிரிங் கிட்டை, அதாவது ஆக்ஸிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நின்று சுமைக்கு முட்டுக் கொடுக்கும் காற்றடைத்த ரப்பர் பைகளை, வாங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கிட், லிஃப்ட் செய்யாமல் கம்பெனி தந்த உயரத்திலேயே நிற்கும் வண்டிக்காக வடிவமைத்தது. தூக்கிய வண்டியில் அதை மாட்டினால் ரப்பர் பை எப்போதும் இழுபட்டே நிற்கும். தாங்க வேண்டிய எடையைத் தாங்காது, ஒரு பெரிய பள்ளத்தில் விளிம்பு கிழியும். எனவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் எடை மேடை, பிறகு அளக்கும் டேப், கடைசியில்தான் பணம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் கணக்கு தப்பும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிவிடபிள்யூஆர் என்பது சுமையோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை. ஜிஏடபிள்யூஆர் என்பது ஓர் ஆக்ஸில் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் தனித்தனியாக இருக்கும். இன்னொரு ஸ்டிக்கரில் "ஆட்கள், சரக்கு சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது" என்று பேலோடு எண் இருக்கும்.

லிஃப்ட் கிட்டின் ரசீது அல்லது பாகப் பட்டியலும் வேண்டும். வண்டியைப் பழையதாக, ஏற்கெனவே தூக்கிய நிலையில் வாங்கியிருந்தால் அது கிடைக்காது. அப்போது அடியில் படுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை 3-ஆம் படியில் சொல்கிறேன்.

கருவிகளில் டேப், நல்ல டார்ச், இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகள், போல்ட்டின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர். டார்க் ரெஞ்சை மட்டும் இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பெரும்பாலான போல்ட்டுகள் இறுக்கம் குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும்.

2. எடையை நிஜமாகப் பாருங்கள்

முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வையுங்கள். ஏர் ஸ்பிரிங் வண்டியின் சுமை வரம்பைக் கூட்டாது. பெட்டியில் "5,000 பவுண்டு" என்று அச்சிட்டிருப்பது அந்தப் பைகள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடிய அளவு. உங்கள் ஆக்ஸில், வீல் பேரிங், டயர், பிரேக், ஃபிரேம் எதுவும் அதனால் வலுவாகிவிடுவதில்லை. தயாரிப்பாளர்களே தங்கள் கையேட்டில் ஜிவிடபிள்யூஆரைத் தாண்டக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். கதவு ஸ்டிக்கரில் பேலோடு 1,900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட் கிட், பெரிய டயர், இரும்பு பம்பர் எல்லாம் 250 பவுண்டு கூட்டியிருந்தால் மீதம் 1,650. 7,000 பவுண்டு டிரெய்லரின் கொக்கி எடை, அதாவது கொக்கி வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்கும் எடை, பொதுவாக அதில் 10 முதல் 15 சதவீதம், 900 என்று எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் 650, பின்தொட்டியில் ஜெனரேட்டரும் கூலரும் 250. மொத்தம் 1,800. வண்டி 150 பவுண்டு அதிகம் சுமக்கிறது. ஏர் ஸ்பிரிங் மாட்டினால் பின்பக்கம் நிமிரும், ஆனால் அந்த 150 அங்கேயேதான் இருக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரிவதால் இது இன்னும் ஆபத்து.

காகிதக் கணக்கோடு நிற்காதீர்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடை இருக்கும். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் ஆக்ஸில் மூன்றையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். ஒருமுறை பிக்கப் மட்டும், ஒருமுறை டிரெய்லரோடு முழுச் சுமையில் நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், குடும்பம் எல்லாம் உள்ளே இருக்கட்டும்.

இந்த இரண்டு சீட்டையும் ஒப்பிட்டால் பின் ஆக்ஸிலில் எவ்வளவு கூடியது என்று தெரியும். அந்த எண்தான் ஏர் ஸ்பிரிங் அளவை முடிவு செய்யும். பின் ஆக்ஸில் எடை ஜிஏடபிள்யூஆரைத் தாண்டினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சுமையைக் குறைப்பது அல்லது வண்டியை மாற்றுவது, இரண்டில் ஒன்றுதான் வழி.

பெரிய டயருக்கு மாறும்போது சுமைத் தரம் குறைந்த டயர் போட்டிருக்கிறார்களா என்றும் பக்கச்சுவரில் பாருங்கள். ஒரு டயரின் அதிகபட்சச் சுமை அங்கே எழுதியிருக்கும். இரண்டால் பெருக்கினால் வருவது பின் ஆக்ஸில் எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

3. வண்டியை எப்படித் தூக்கியிருக்கிறார்கள்?

"நாலு இஞ்ச் லிஃப்ட்" என்று சொல்வது போதாது. பின்பக்கத்தை எந்த முறையில் தூக்கினார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் பின்பக்கம் தூக்கப்பட்டிருக்கிறதா என்றே பாருங்கள். வண்டி "லிஃப்ட்" என்று சொல்லிக்கொள்ளும் பலரிடம் இருப்பது முன்பக்கத்துக்கு மட்டும் போடும் லெவலிங் கிட். பின்பக்கம் கம்பெனி உயரத்திலேயே நிற்கும். அவர்களுக்குச் சாதாரணக் கிட்டே பொருந்தும், கூடிய இடைவெளியை நிரப்பப் பைக்கடியில் வைக்கும் ஸ்பேசர் வேண்டாம். லிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரர் ஸ்பேசரையும் சேர்த்துத் தள்ளிவிட்டால், பை நசுங்கியே உட்கார்ந்து வண்டி மரக்கட்டை மாதிரி குதிக்கும்.

அடுத்து ஸ்பிரிங் வகை. ஃபோர்டு எஃப்-150, எஃப்-250, செவ்ரோலெ சில்வராடோ 1500 போன்றவற்றில் பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது கமான் பட்டை. ராம் 1500-இல் 2009 மாடல் முதலும், ராம் 2500-இல் 2014 முதலும், டொயோட்டா டண்ட்ராவில் 2022 முதலும் காயில் ஸ்பிரிங். ராம் வண்டிகள் சிலவற்றில் கம்பெனியே ஏர் சஸ்பென்ஷன் போட்டுத் தருகிறது. அவற்றில் இன்னொரு ஏர் ஸ்பிரிங்கைச் சேர்க்க வேண்டாம்.

கமான் பட்டை வண்டியைத் தூக்க நான்கு வழிகள் உண்டு. ஆக்ஸிலுக்கும் பட்டைக் கட்டுக்கும் நடுவில் பிளாக் வைப்பது, கட்டில் ஒரு பட்டை கூட்டுவது, அதிக வளைவுள்ள புதிய கட்டு மாட்டுவது, பட்டையின் பின்முனையை ஃபிரேமோடு இணைக்கும் ஷேக்கிலை நீளமானதாகப் போடுவது. பிளாக் மேல் பிளாக் அடுக்கியிருப்பதைக் கண்டால் ஏர் ஸ்பிரிங் பேச்சை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் இழுக்கும்போதும் ஆக்ஸில் முறுக்குப்படும். அடுக்கிய பிளாக் அப்போது நழுவக்கூடியது.

காயில் வண்டியில் ஸ்பிரிங்கின் தலையில் ஸ்பேசர் வைத்திருக்கலாம், அல்லது உயரமான காயிலையே போட்டிருக்கலாம். இரண்டும் ஏர் ஸ்பிரிங் தேர்வை வேறு வேறு பக்கம் கொண்டுபோகும்.

4. இடைவெளியை அளப்பது

பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்க நினைக்கும் கிட்டின் பொருத்தும் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். ஃபயர்ஸ்டோன், ஏர் லிஃப்ட் இரண்டு நிறுவனங்களும் இதை இலவசமாகவே வைத்திருக்கின்றன. படத்தைப் பார்த்து இரண்டு இடங்களைக் கண்டுபிடியுங்கள்: மேல் பிராக்கெட் ஃபிரேமில் எங்கே உட்காருகிறது, கீழ் பிராக்கெட் எதன் மேல் உட்காருகிறது. கீழ் பிராக்கெட் நேராக ஆக்ஸில் குழாயின் மேலா, பட்டைக் கட்டின் மேலா என்பதைக் கவனமாகப் பாருங்கள்.

காரணம் இதுதான். பிளாக் என்பது பட்டைக் கட்டுக்குக் கீழே வரும் சமாசாரம். நாலு அங்குல பிளாக் வைத்தால் ஆக்ஸிலுக்கும் ஃபிரேமுக்கும் உள்ள தூரம் நாலு அங்குலம் கூடும். பட்டைக் கட்டின் மேல்முகத்துக்கும் ஃபிரேமுக்கும் உள்ள தூரமோ கூடவே கூடாது, ஏனென்றால் பட்டையின் வளைவு மாறவில்லை. ஆகவே கீழ் பிராக்கெட் பட்டையின் மேல் உட்காரும் கிட் என்றால், பிளாக் லிஃப்ட் வண்டிக்குப் பைக்கடியில் ஸ்பேசர் தேவைப்படாது. பிராக்கெட்டை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் ஸ்டிராப்போ போல்ட்டோதான் பிளாக்கின் உயரத்துக்கு ஏற்ப நீளமாக வேண்டியிருக்கும். அதே வண்டியில் வளைவு கூடிய புதிய பட்டைக் கட்டு போட்டிருந்தால், கிட் எந்த வகையானாலும் இடைவெளி கூடிவிடும். லிஃப்ட் எண்ணை மட்டும் வைத்து ஸ்பேசர் வாங்குவது ஏன் தப்பு என்று இப்போது புரியும்.

இனி மூன்று அளவுகள். மேல் பிராக்கெட் உட்காரும் இடத்திலிருந்து கீழ் பிராக்கெட் உட்காரும் இடம் வரை, இரு பக்கமும் அளக்க வேண்டும்.

முதல் அளவு, நிற்கும் உயரம். சுமை இல்லாமல், சமதரையில், டயரில் சரியான காற்றோடு. அளப்பதற்கு முன் வண்டியை ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இப்போதுதான் இறக்கிய வண்டி தன் இயல்பான உயரத்துக்கு வந்திருக்காது.

இரண்டாவது, முழுவதும் அமுங்கிய உயரம். ஆக்ஸில் மேலே வந்து ஃபிரேமில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது போய் இடிக்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, முதல் அளவிலிருந்து கழியுங்கள். லிஃப்ட் செய்தவர் பம்ப் ஸ்டாப்பையும் இறக்கியிருந்தால் இந்தக் கணக்கிலேயே அது வந்துவிடும்.

மூன்றாவது, முழுவதும் தொங்கிய உயரம். முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ஃபிரேமை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஆக்ஸில் ஷாக் அப்சார்பரில் தொங்கும்படி விட்டு அளக்கவும். ஸ்டாண்ட் இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், கை பிரேக் கேபிள் எதுவும் விறைத்து நிற்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

இப்போது தயாரிப்பாளரின் தொழில்நுட்ப உதவி எண்ணை அழைத்து, அந்தப் பையின் குறைந்தபட்ச உயரம், வேலை செய்யும் உயரம், அதிகபட்ச உயரம் மூன்றையும் கேளுங்கள். பிராக்கெட்டுகளின் தடிமனையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்தபட்ச உயரம் உங்கள் இரண்டாவது அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதிகபட்ச உயரம் மூன்றாவது அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நிற்கும் உயரம், பை வேலை செய்யும் உயரத்தின் எல்லைக்குள் விழ வேண்டும்.

இந்த எல்லையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பை தாங்கும் எடை அதற்குள் இருக்கும் அழுத்தத்தை அதன் பயன்படும் பரப்பால் பெருக்கினால் வருவது. பரப்பு 25 சதுர அங்குலம் என்றால் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில் ஒரு பை 1,000 பவுண்டு தாங்கும். அதே பையை மேலே இழுத்தால் இடுப்பு ஒடுங்கி, பரப்பு 20-க்கு இறங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள், அதே 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 800 பவுண்டுதான். அதை ஈடுகட்ட நீங்கள் காற்றைக் கூட்டுவீர்கள், சவாரி கடினமாகும், சீக்கிரமே பையின் வரம்பான 100 பிஎஸ்ஐ அழுத்தத்தை முட்டுவீர்கள்.

5. பையின் வகையைத் தேர்ந்தெடுத்தல்

கமான் பட்டை வண்டிகளுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டு மடிப்புள்ள பெல்லோஸ் வகை. ஃபயர்ஸ்டோனின் ரைடு-ரைட், ஏர் லிஃப்டின் லோட்லிஃப்டர் 5000 இரண்டும் இந்த இனம். 5 முதல் 100 பிஎஸ்ஐ வரை வேலை செய்யும். டிரெய்லர் இழுப்பவருக்கு இதுவே போதும்.

இதில் லோட்லிஃப்டர் 5000 அல்டிமேட் என்ற வகையில் பைக்குள்ளேயே ஒரு பம்ப் ஸ்டாப் இருக்கிறது. தூக்கிய வண்டிக்கு என் தேர்வு அதுதான். பல கிட்டுகளைப் பொருத்தும்போது கம்பெனி பம்ப் ஸ்டாப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். அதன் பிறகு காற்று இறங்கிவிட்டால் இரும்புக்கு இரும்பு நடுவே ரப்பர் நசுங்கும். உள்ளே ஸ்டாப் இருந்தால் வீடு வந்து சேரலாம்.

காயில் ஸ்பிரிங் வண்டிக்கு, காயிலுக்குள் நுழைக்கும் உருளைப் பை இருக்கிறது. ஏர் லிஃப்ட் 1000, ஃபயர்ஸ்டோன் காயில்-ரைட் இரண்டும் இவ்வகை. இவற்றின் அழுத்த வரம்பு 35 பிஎஸ்ஐ அளவில்தான், தாங்கும் எடையும் அதற்கேற்பக் குறைவு. தலையில் ஸ்பேசர் வைத்துத் தூக்கிய வண்டியில் காயிலின் நீளம் மாறியிருக்காது, அதனால் கம்பெனி உயரப் பையே பெரும்பாலும் பொருந்தும். உயரமான காயில் போட்டிருந்தால் நீளமான பை கேளுங்கள். குட்டையான பை உயர்ந்த காயிலுக்குள் ஒரு மூலையில் கிடந்து சுருள்களின் இடுக்கில் பிதுங்கும்.

தாங்கும் எடை கூடுதலாக எழுதியிருக்கும் பையைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. 2-ஆம் படியில் பின் ஆக்ஸிலில் கூடியது 900 பவுண்டு என்றால், 7,500 பவுண்டு வகை பையில் அடிக்க வேண்டிய காற்று மிகக் குறைவாகவே இருக்கும். சுமை இல்லாத நாளில் அது வண்டியை உலுக்கும்.

எப்போதாவது ஒரு முறைதான் சுமை ஏற்றுகிறீர்கள், காற்று பார்க்கும் வேலையே வேண்டாம் என்றால் டிம்பிரன் போன்ற ரப்பர் உதவி ஸ்பிரிங் இருக்கிறது. பம்ப் ஸ்டாப் இடத்தில் உட்காரும், சுமை வந்தால் மட்டும் வேலை செய்யும். வருடம் முழுக்கப் பின்தொட்டியில் ஒரே சுமை நிற்கும் வேலை வண்டி என்றால் அந்தச் சுமைக்கான பட்டைக் கட்டையே மாற்றுவது நல்லது.

6. ஸ்பேசர், சாய்வு, தொட்டில்

அளந்ததில் இடைவெளி கூடியிருக்கிறது என்று தெரிந்தால் பைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஸ்பேசர் வைக்க வேண்டும். கூடிய இடைவெளி எவ்வளவோ, அதற்கு மிக நெருக்கமான அளவை வாங்குங்கள். பை தயாரித்த நிறுவனத்தின் ஸ்பேசர் என்றால் துளைகளும் போல்ட் நீளமும் ஒத்துப்போகும்.

ஒரே துண்டாக வாங்குங்கள். இரண்டு மூன்று சின்ன ஸ்பேசரை அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் ஆட்டம் சேரும். மேலும் உயரம் கூடக்கூட, பக்கவாட்டு விசை பிராக்கெட்டின் அடியை நெம்பத் தொடங்கும். ஆறு அங்குலத்துக்கு மேல் தூக்கிய வண்டியில் சாதாரணக் கிட்டையும் ஸ்பேசரையும் வைத்துச் சமாளிக்காமல், உங்கள் லிஃப்டுக்கென்றே வரும் பிராக்கெட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சாய்வை மறந்துவிடுகிறார்கள். டிரைவ் ஷாஃப்ட் கோணத்தைச் சரிசெய்ய ஆப்பு வடிவ பிளாக் வைத்திருந்தால் ஆக்ஸில் சற்றே சுழன்றிருக்கும். அதன் மேல் உட்காரும் கீழ் பிராக்கெட்டும் சாயும். மேல் தட்டும் கீழ் தட்டும் இணையாக இல்லாவிட்டால் பையின் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இழுபடும். இதற்கென்றே ஒரு பக்கம் தடித்த ஸ்பேசர் கிடைக்கிறது. சாதாரண ஸ்பேசரின் ஒரு ஓரத்தில் வாஷர் அடுக்கிச் சாய்வைச் சரிக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். சுமை ஏறியதும் அந்த வாஷரின் மேல் மொத்த எடையும் குவிகிறது, தட்டு வளைகிறது.

கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு பாகம் பற்றியும் யோசியுங்கள். ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது அந்தப் பக்கம் ஆக்ஸில் வெகுவாகத் தொங்கும். அந்த வீழ்ச்சியை நிறுத்த வேண்டியது ஷாக் அப்சார்பர் அல்லது ஆக்ஸில் அளவுக்கு மேல் இறங்காமல் பிடிக்கும் லிமிட் ஸ்டிராப் என்ற வார். ரப்பர் பை நிறுத்தினால் விளிம்பு உரியும். டேஸ்டார் நிறுவனம் பைக்கு அடியில் வைக்கும் தொட்டில் ஒன்றைத் தயாரிக்கிறது. பை கீழே இறுகக் கட்டப்படாமல் தொட்டிலில் உட்கார்ந்திருக்கும், ஆக்ஸில் தொங்கும்போது பிரியும், மேலே வரும்போது மறுபடி உட்காரும். 4-ஆம் படியின் மூன்றாவது அளவு பையின் அதிகபட்ச உயரத்தைத் தாண்டினால் இதுவே சரியான விடை.

7. காற்றுக் குழாய்

இடப்பைக்கும் வலப்பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு வையுங்கள். இரண்டையும் டி இணைப்பில் சேர்த்தால் வளைவில் திரும்பும்போது அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும். வண்டி இன்னும் சாயும். ஏற்கெனவே உயரத்தில் நிற்கும் வண்டிக்கு இது ஆகவே ஆகாது.

வண்டிக்குள்ளிருந்தே காற்றடிக்கும் கம்ப்ரெஸர் வாங்குவதானால், இரண்டு பக்கமும் தனியாகக் கட்டுப்படுத்தும் வகையைப் பாருங்கள். வாரம் ஒரு முறை டிரெய்லர் மாட்டுபவருக்கு அது பயன். வருடத்தில் சில நாள்தான் என்றால் டயருக்கு வைத்திருக்கும் சிறிய பம்பே போதும்.

8. பொருத்தும் வரிசை

எல்லாப் பாகங்களையும் தரையில் பரப்பி, பட்டியலோடு சரிபாருங்கள். இடது வலது பிராக்கெட் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மாறும். பையையும் ஸ்பேசரையும் பிராக்கெட்டையும் வெளியிலேயே சேர்த்துக்கொண்டு பிறகு உள்ளே நுழையுங்கள்.

வண்டி அதன் சொந்த எடையில் நிற்கும்போது மேல் கீழ் தட்டுகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே போல்ட்டுகளை இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் கீழே இறக்கியதும் பை கோணிக்கொள்ளும்.

ஃபிரேமிலோ ஆக்ஸிலிலோ வெல்டிங் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் இரும்பின் வலு குறையும், அங்கிருந்தே விரிசல் தொடங்கும். துளை போடச் சொல்லும் கிட் என்றால் மறுபக்கத்தில் பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ ஒயரோ இல்லையென்று கண்ணால் பார்த்துவிட்டுத் துளையிடுங்கள்.

பையைச் சுற்றிக் குறைந்தது அரை அங்குல இடம் வேண்டும். காற்று ஏறியதும் பை பருத்து அகலும், எனவே இதைக் காற்றடித்த நிலையில் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய் ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம்.

காற்றுக் குழாயைக் கத்தரியால் நறுக்கினால் முனை நசுங்கி நீள்வட்டமாகும், அங்கிருந்துதான் கசியும். கூரான பிளேடால் செங்குத்தாக ஒரே வெட்டு. இணைப்பில் கடைசி வரை தள்ளி, பிறகு மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். குழாயைக் கூரான விளிம்பு, எக்ஸாஸ்ட், அசையும் பாகம் மூன்றிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். ஆக்ஸில் முழுவதும் தொங்கினாலும் விறைக்காத அளவு தளர்வு வேண்டும். இதுவும் தூக்கிய வண்டியில் கூடுதலாகத் தேவைப்படும்.

காற்றடித்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அழுத்தத்தைப் பாருங்கள். புதிதாகப் பொருத்தியதில் 2 முதல் 4 பிஎஸ்ஐ குறைவது இயல்பு. 5-க்கு மேல் இறங்கியிருந்தால் கசிவைத் தேடுங்கள்.

9. காற்றழுத்தம் வைப்பது

சுமை இல்லாதபோது முன், பின் இரு பக்கமும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். இந்த எண்கள் இல்லாமல் கண்மதிப்பில் "நேராகிவிட்டது" என்று சொல்வதில் பயனில்லை.

சாதாரணக் கொக்கி என்றால் டிரெய்லரை மாட்டி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பின்பக்கம் சுமையற்ற உயரத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். முழுவதும் பழைய உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை.

எடைப் பகிர்வு ஹிட்ச் வைத்திருந்தால் வரிசை மிக முக்கியம். பையில் குறைந்தபட்சக் காற்றை மட்டும் வைத்து, முதலில் ஹிட்சைச் சரிசெய்யுங்கள். பின்னால் எடை உட்காரும்போது முன் ஆக்ஸில் லேசாகிறது, ஸ்டீயரிங் பிடிமானம் குறைகிறது. ஹிட்சின் கம்பிகள் அந்த எடையை முன்னுக்குத் திருப்பித் தள்ளும். ஏர் ஸ்பிரிங்கால் அது முடியாது. அது பின்பக்கத்தைத் தூக்கும், அவ்வளவுதான். முன் ஃபெண்டர் உயரம் ஹிட்ச் கையேடு சொல்லும் அளவுக்கு இறங்கிய பிறகு, தேவைப்பட்டால் சிறிது காற்று கூட்டி மறுபடி அளந்து பாருங்கள். காற்றை முதலில் ஏற்றி வண்டியை நிமிர்த்திவிட்டால் கம்பிகள் தளர்ந்தே கிடக்கும், முன் ஆக்ஸில் லேசாகவே ஓடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல நேராகத்தான் நிற்கும். கேட் ஸ்கேல் சீட்டில் முன் ஆக்ஸில் எண்தான் வித்தியாசத்தைக் காட்டும், அதனால் இந்த நிலையில் மீண்டும் ஒருமுறை எடை பாருங்கள்.

டிரெய்லரும் சமமாக நிற்க வேண்டும். தூக்கிய வண்டியில் கொக்கி உயரத்தில் இருப்பதால் ஆழமாக இறங்கும் பால் மவுண்ட், அதாவது டிரெய்லர் மாட்டும் உருண்டையைத் தாங்கும் கை, வேண்டியிருக்கும். அதன் சுமை வரம்பைத் தனியாகப் பாருங்கள்.

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த டொயோட்டா பிக்கப்புகள் சிலவற்றில், பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை முடிவு செய்கிறது. லிஃப்டும் ஏர் ஸ்பிரிங்கும் சேர்ந்து பின்பக்கத்தை உயர்த்தினால் சுமை இல்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் சுமை ஏற்ற வேண்டாம்.

10. ஓடத் தொடங்கிய பின்

முதல் பத்து மைலுக்குப் பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். 500 மைலில் மறுபடியும் ஒருமுறை.

சுமை இறக்கியதும் காற்றையும் இறக்குங்கள், ஆனால் 5 பிஎஸ்ஐ அளவுக்குக் கீழே போக வேண்டாம். காற்றில்லாத பை மடிப்புகளுக்கு நடுவே தன்னைத்தானே கடித்துக்கொள்ளும்.

ஒண்டாரியோ, மின்னசோட்டா போன்ற இடங்களில் குளிர் வந்ததும் அழுத்தம் தானாகவே இறங்கும். இலையுதிர் காலத்தில் வைத்த 5 பிஎஸ்ஐ ஜனவரியில் ஒன்றுமில்லாமல் போயிருக்கலாம், அதனால் குளிர்காலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். சாலையில் தூவும் உப்பு பிராக்கெட்டை அரிக்கும். மடிப்புகளில் சிக்கிய மணலும் சரளையும் ரப்பரைத் தேய்க்கும். வண்டி கழுவும்போது அங்கேயும் தண்ணீர் பீய்ச்சுங்கள். பெட்ரோலியக் கரைப்பான் எதுவும் ரப்பரில் படக் கூடாது.

டயர் மாற்ற ஃபிரேமில் ஜாக்கி வைப்பதற்கு முன் பையின் காற்றை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆக்ஸிலின் எடையோடு காற்றின் தள்ளலும் சேர்ந்து பையை அதன் எல்லைக்கு மேல் இழுக்கும். முடிந்தால் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வையுங்கள். வண்டியை வெளி மெக்கானிக்கிடம் விடும்போது இதை வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். லிஃப்ட் மேடையில் ஏற்றுபவருக்குப் பின்னால் பை இருப்பது தெரிந்திருக்காது.